கலிஃபோர்னியாவில் முதல்முறையாக ஆள் வைக்கிறேன்: ஈஐஎன் வாங்கியாயிற்று, ஈடிடி பதிவும் தனியாகச் செய்ய வேண்டுமா?

மாவுக்கடைக்காரர் | 18 செப்டம்பர் 2025, இரவு 10:40

வணக்கம். ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். ஒன்றரை வருடமாக நானும் மனைவியும் ஒரு பொதுச் சமையற்கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, இட்லி மாவும் அடை மாவும் அரைத்து விற்கிறோம். வாரத்துக்கு நாற்பது டப்பாவில் ஆரம்பித்தது. இப்போது எங்கள் இரண்டு பேர் கையால் முடியவில்லை. வரும் திங்கள், 22ஆம் தேதி, இரண்டு பேர் வேலைக்கு வருகிறார்கள். ஒருவர் அரிசி ஊறவைப்பது, அரைப்பது, டப்பாவில் நிரப்புவது. இன்னொருவர் மாலையில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம், முதல் செக் அக்டோபர் 3.

கையில் இருப்பவை: எல்எல்சி என்ற கம்பெனிப் பதிவு, ஈஐஎன் என்ற மத்திய வரி அடையாள எண், கவுன்டி சுகாதார அனுமதி. ஈஐஎன் இருப்பதால் வரி விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று பேரோல் மென்பொருளில் விவரம் நிரப்பும்போது 'மாநிலக் கணக்கு எண்' என்று ஒரு கட்டம் வந்தது. அதில் என்ன போடுவதென்று தெரியவில்லை. ஒரு நண்பர், "இதெல்லாம் எதற்கு, இரண்டு பேரையும் கான்ட்ராக்டர் என்று காட்டி, வருடக் கடைசியில் அதற்கான 1099 படிவம் கொடுத்துவிடு" என்கிறார். டெக்சஸில் இருக்கும் என் தங்கையும் அங்கிருந்தே போனில் ஆர்டர் எடுத்துத் தருகிறாள். அவளுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறேன்.

எதை, எப்போது, எந்த வரிசையில் செய்ய வேண்டும்? செய்தவர்கள் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை | 18 செப்டம்பர் 2025, இரவு 11:55

சான் ஹோசேயில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதிகம் உணவுக் கடைகள்தான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈஐஎன் மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் கொடுப்பது. அது மத்திய அரசுக்கு மட்டும். மாநிலத்துக்கு வேறு வாசல், வேறு எண். கலிஃபோர்னியாவில் அந்த வாசலின் பெயர் ஈடிடி, அதாவது எம்ப்ளாய்மென்ட் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட். உங்கள் மென்பொருள் கேட்கும் எட்டு இலக்க எண் அங்கிருந்துதான் வர வேண்டும். மென்பொருள் கம்பெனிக்காரர்களே வாங்கித் தந்துவிடுவார்கள் என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். சில திட்டங்களில் செய்து தருவார்கள், பலவற்றில் நாமேதான் பதிய வேண்டும். எப்படி இருந்தாலும் தவறினால் கடிதம் வருவது உங்கள் பெயருக்கு.

எப்போது? ஒரு காலாண்டில் நீங்கள் கொடுத்த கூலி மொத்தம் 100 டாலரைத் தாண்டினால் அன்றிலிருந்து 15 நாளுக்குள் பதிய வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து 100 டாலர். முதல் செக்கிலேயே தாண்டிவிடும். அக்டோபர் 3 செக் என்றால் 18ஆம் தேதிக்குள். ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். எண் இல்லாமல் முதல் செக்கை ஒழுங்காகப் போட முடியாது.

பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஈடிடியின் 'இ-சர்வீசஸ் ஃபார் பிசினஸ்' தளத்தில் கணக்குத் திறந்து, புதிய முதலாளியாகப் பதிவு என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஈஐஎன், எல்எல்சியின் சட்டப்பூர்வப் பெயர் எழுத்துப் பிசகாமல், உரிமையாளர்களின் சோஷியல் செக்யூரிட்டி எண்கள், என்ன தொழில், எத்தனை ஊழியர், முதல் கூலி கொடுத்த தேதி, இவ்வளவுதான் கேட்பார்கள். விவரம் ஒத்துப்போனால் பெரும்பாலும் அன்றே எண் கிடைத்துவிடும். ஈஐஎன் கடிதத்தில் உள்ள பெயரும் மாநிலத்தில் பதிந்த பெயரும் ஒரு புள்ளி வேறாக இருந்தால்கூட இழுக்கும்.

அந்தப் படிவத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் தேதி. ஆள் வேலைக்கு வந்த நாளைப் போடுகிறார்கள். ஈடிடி பார்ப்பது பணம் கைமாறிய நாள். உங்கள் ஆட்கள் செப்டம்பர் 22இல் வேலை தொடங்கினாலும் செக் அக்டோபர் 3. ஆகவே அந்தக் கூலி முழுவதும் நான்காம் காலாண்டுக் கணக்கு. செப்டம்பர் என்று போட்டுவிட்டால் மூன்றாம் காலாண்டுக்கும் அறிக்கை எங்கே என்று கேட்டு நோட்டீஸ் வரும். அப்புறம் அதைத் திருத்தப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

இனி பணம். நாலு பெயர் இருக்கும்: யூஐ, இடிடி, எஸ்டிஐ, பிஐடி. முதல் இரண்டும் உங்கள் பையிலிருந்து. பின்னிரண்டும் ஊழியர் சம்பளத்தில் பிடித்துக் கட்டுவது. ஈடிடி என்பது துறை, இடிடி என்பது பயிற்சி வரி. இந்த இரண்டு பெயரையும் குழப்பிக்கொள்ளாத யாரையும் நான் பார்த்ததில்லை.

மணிக்கு 18 டாலர், வாரம் 25 மணி என்று வையுங்கள். இரண்டு வாரச் செக் 900 டாலர். யூஐ என்ற வேலையிழப்புக் காப்பீடு புது முதலாளிக்கு 3.4 சதவீதம், அதாவது 30.60. பயிற்சி வரி 0.1 சதவீதம், 90 சென்ட். ஒரு ஊழியரின் வருடக் கூலி 7,000 டாலரைத் தொட்டதும் இந்த இரண்டும் நின்றுவிடும். இந்தக் கணக்கில் எட்டாவது செக்கிலேயே முடிந்துவிடும். ஆக, ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 238ம் 7ம் சேர்த்து 245 டாலர். மாநிலத்துக்கு உங்கள் பங்கு இதுதான், இதற்கு மேல் இல்லை.

எஸ்டிஐ, அதாவது உடல்நிலை காரணமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கான காப்பீடு, 2025இல் 1.2 சதவீதம். 900 டாலரில் 10.80 பிடிப்பீர்கள். 2024 ஜனவரியிலிருந்து இதற்கு உச்சவரம்பு கிடையாது, வருடம் முழுக்கப் பிடிக்க வேண்டும். பிஐடி மாநில வருமான வரி. ஊழியர் நிரப்பித் தரும் டிஇ 4 படிவத்தைப் பொறுத்து மாறும்.

இதற்கு மேல் மத்திய அரசுக்கு 7.65 சதவீதம் உங்கள் பங்கு, ஃபூட்டா என்ற மத்திய வேலையிழப்பு வரி தனி. மத்திய அரசிடம் வாங்கிய வேலையிழப்புக் கடனைக் கலிஃபோர்னியா இன்னும் அடைக்கவில்லை. அதனால் இங்கே ஃபூட்டா மற்ற இடங்களைவிடக் கூடுதல். வழக்கமாக ஆளுக்கு 42 டாலர். 2024 கணக்குக்கு 105 ஆனது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஜனவரியில் திடீரென்று கேட்பார்கள். பணம் ஒதுக்கி வையுங்கள்.

1099 யோசனையைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதற்குள் அந்த நண்பர் பேச்சைக் கேட்டுவிடாதீர்கள்.

---

உப்பாறு | 19 செப்டம்பர் 2025, காலை 7:15

வைகைக்கரை சொல்வது சட்டப்படி சரி. ஆனால் இப்படி அடுக்கினால் சின்ன ஆள் யாரும் கடை திறக்கவே மாட்டார்கள். ஒரு டப்பா மாவில் என்ன நிற்கும்? வாரம் பத்து மணி நேரம் கையுதவியாக வேலை செய்யும் மாணவருக்கும் இத்தனை படிவமா? என் அனுபவத்தில், முதல் ஆறு மாதம் 1099 போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, வியாபாரம் நிலைத்தால் பதிவு செய்யலாம். நான் கேலிக்குச் சொல்லவில்லை. பணமில்லாமல் மூடிய இரண்டு கடைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

---

வைகைக்கரை | 19 செப்டம்பர் 2025, காலை 8:50

உப்பாறு, உங்கள் கவலை நியாயம். ஆனால் கணக்கைப் பாருங்கள். மாநிலப் பங்கு ஆளுக்கு வருடம் 245 டாலர். அதற்காக நீங்கள் சொல்வதுபோல் ஆறு மாதம் ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

2020 ஜனவரியிலிருந்து இங்கே ஏபி 5 சட்டம். ஒருவரைக் கான்ட்ராக்டர் என்று சொல்ல மூன்று சோதனையிலும் தேற வேண்டும். ஒன்று, எப்படி வேலை செய்வது என்பதில் உங்கள் அதிகாரம் இருக்கக் கூடாது. இரண்டு, அவர் செய்வது உங்கள் வழக்கமான தொழிலுக்கு வெளியே இருக்க வேண்டும். மூன்று, அவர் அதே தொழிலைச் சொந்தமாக நடத்துபவராக இருக்க வேண்டும். ஒன்றில் தவறினாலும் ஊழியர்தான்.

கிரைண்டர் பழுதானால் வந்து கல் கொத்திக் கொடுத்து, பெல்ட் மாற்றிவிட்டுப் போகிறவர் கான்ட்ராக்டர். அவருக்கு இன்னும் பத்துக் கடை இருக்கிறது. அரிசி ஊறவைப்பவர்? மாவு அரைப்பதுதானே கடையே. வீடு வீடாகக் கொடுப்பவர்? மாவுக்கடைக்காரர் வாசலுக்கு வந்து கொடுப்பதாகச் சொல்லித்தான் விற்கிறார், அப்புறம் அது எப்படி வெளித் தொழில் ஆகும்? ஆள் தன் சொந்தக் காரில் போவதால் இது மாறிவிடாது. பத்து மணி நேரம்தான் வேலை என்பதாலும் மாறாது. இருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டாலும் மாறாது.

தெரிந்தே ஊழியரைக் கான்ட்ராக்டர் என்று காட்டினால் ஒவ்வொரு மீறலுக்கும் 5,000 முதல் 15,000 டாலர் வரை அபராதம் போகலாம். கட்டாமல் விட்ட வரி, அதற்கு வட்டி, 15 சதவீத அபராதம் எல்லாம் அதற்கு மேல். பிடித்திருக்க வேண்டிய எஸ்டிஐ பணத்தையும் முதலாளியிடமே கேட்பார்கள். அந்த இரண்டு கடையும் பணமில்லாமல் மூடின என்கிறீர்கள். இந்தக் கடிதம் வந்து மூடிய கடைக்கு நான் கணக்கு எழுதியிருக்கிறேன்.

---

காவிரிமகள் | 19 செப்டம்பர் 2025, மதியம் 1:20

முதலாளிகள் பேசும் இடத்தில் வேலை பார்த்தவள் ஒருத்தி பேசலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

2022இல் வேலை செய்யும் அனுமதி கிடைத்ததும் ஒரு கேட்டரிங் சமையலறையில் சேர்ந்தேன். பதினான்கு மாதம். வாரம் தவறாமல் செக், வருடக் கடைசியில் 1099. எனக்கு அதன் பொருளே தெரியாது. சம்பளம் முழுசாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

கர்ப்பமாக இருந்தபோது ஏழாம் மாதம் முடிவில் கால் வீங்கி, இரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் நிற்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எஸ்டிஐக்கு விண்ணப்பி என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். விண்ணப்பித்தேன். வந்த கடிதத்தில் என் பெயருக்கு நேரே கூலி என்ற இடத்தில் எல்லாக் காலாண்டுக்கும் பூஜ்யம். நாலு பூஜ்யம், ஒன்றின் கீழ் ஒன்றாக. பதினான்கு மாதம் நாற்பது லிட்டர் அண்டாவைத் தூக்கியவள் நான். அந்தத் தாளைப் பார்த்தபோது நான் அங்கே இருக்கவே இல்லையோ என்று தோன்றியது.

செக்கின் போட்டோ எல்லாம் போனில் இருந்தது. நாளைக்கு ஆறு மணிக்கு வா, ஞாயிறு முகூர்த்தம் இருக்கிறது என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் இருந்தன. எல்லாவற்றையும் அனுப்பினேன். ஈடிடி விசாரித்துப் பணம் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் கைக்கு வந்தபோது குழந்தைக்கு நாலு மாதம். எல்லாம் ஒழுங்காக இருந்திருந்தால் பிரசவத்துக்கு முன் நாலு வாரம், பின் ஆறு வாரம், அதன்பின் குழந்தையோடு இருக்க எட்டு வாரம் என்று அந்தந்த நேரத்தில் வந்திருக்கும். வாடகைக்குத் தாலிக்கொடியை வைத்தோம்.

அந்த முதலாளி கெட்டவர் இல்லை. மதியம் எல்லோருக்கும் முதலில் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். யாரோ நண்பர் சொன்னதைக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். கடைசியில் அவருக்கும் பெரிய தொகை கட்டச் சொல்லி வந்தது.

மாவுக்கடைக்காரர் அண்ணா, அந்த 10 டாலர் 80 சென்ட்டை எங்கள் சம்பளத்தில் பிடியுங்கள். பிடித்துக் கட்டுங்கள். அது எங்களுக்கு வேண்டும்.

---

உப்பாறு | 19 செப்டம்பர் 2025, மாலை 6:05

சகோதரி, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நான் இதை முதலாளி செலவு என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். காலையில் நான் சொன்ன யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். என்னிடமும் வாரக் கடைசிக்கு வரும் ஒரு பையன் இருக்கிறான். திங்களன்றே பதிகிறேன்.

வைகைக்கரை, அவனுக்கு ஏற்கெனவே கொடுத்த மாதங்களுக்கு என்ன செய்வது?

---

வைகைக்கரை | 19 செப்டம்பர் 2025, மாலை 7:30

உண்மையான முதல் கூலித் தேதியைப் போட்டே பதியுங்கள், இன்றைய தேதியைப் போடாதீர்கள். கடந்த காலாண்டுகளுக்கு டிஇ 9, டிஇ 9சி என்ற காலாண்டு அறிக்கைகளைத் தாமதமாகத் தாக்கல் செய்து, அபராதத்தோடு கட்டிவிடுங்கள். அவர்கள் தேடி வருவதற்கு முன் நாமே போனால் தொகையும் சிறிது, மனதும் லேசு. மத்திய பக்கத்துக்கும் திருத்தம் வேண்டும். உரிமம் பெற்ற கணக்காளர் ஒருவரிடம், அதாவது ஒரு சிபிஏவிடம் போங்கள், இதைத் தனியாகச் செய்ய வேண்டாம்.

---

பொருநை | 20 செப்டம்பர் 2025, காலை 9:10

பதிவு பற்றிப் பேசும்போது ஒன்றைச் சேர்க்கிறேன். மாவுக்கடைக்காரருக்கு இப்போது தேவைப்படாது, ஓடுகிற கடையை விலைக்கு வாங்க நினைப்பவர்களுக்காக.

2016இல் சவுத் பேயில் ஒரு டிபன் கடையை வாங்கினேன். அடுப்பு, பாத்திரம், பெயர், வாடிக்கையாளர் எல்லாம் சேர்த்து. புது எல்எல்சி, புது ஈடிடி எண், எல்லாம் ஒழுங்கு. எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம். பழைய உரிமையாளர் கட்டாமல் விட்ட சம்பள வரியை நான் கட்ட வேண்டும் என்று. நான் ஒரு ஆள்கூட வைக்காத காலத்து வரி! நாலு தவணையில் கட்டினேன்.

வாங்கும்போதே ஈடிடியிடம் டிஇ 2220 என்ற விடுவிப்புச் சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும். அது கைக்கு வரும்வரை விற்பவருக்குப் போக வேண்டிய பணத்தில் போதுமான தொகையை எஸ்க்ரோவில், அதாவது நடுவரான மூன்றாம் ஆளிடம், நிறுத்தி வைக்க வேண்டும். என் எஸ்க்ரோ ஆள் அதைச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. விற்பவர் பழகியவர், நம் ஊர்க்காரர் என்பதெல்லாம் இந்த இடத்தில் பேச்சே இல்லை. சான்றிதழைக் கேளுங்கள்.

---

ஆஸ்டின் வாசி | 20 செப்டம்பர் 2025, காலை 11:00

டெக்சஸ் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். பொதுவாக ஊழியர் எந்த மாநிலத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறாரோ அந்த மாநிலத்தில் பதிய வேண்டும். கம்பெனி எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை. தங்கைக்காக டெக்சஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனில், நாங்கள் டிடபிள்யூசி என்போம், தனிக் கணக்கு வேண்டும்.

இங்கே மாநில வருமான வரி கிடையாது, எஸ்டிஐ கிடையாது. வேலையிழப்பு வரி மட்டும், முதலாளி பங்கு. புதியவருக்கு 2.7 சதவீதத்துக்குக் குறையாது, ஒரு ஊழியரின் வருடக் கூலியில் முதல் 9,000 டாலருக்குத்தான் இந்த வரி. பொது விதி ஒரு காலாண்டில் 1,500 டாலர் கூலி அல்லது வருடத்தில் 20 வாரம் ஊழியர். ஆனால் உங்கள் கம்பெனி ஃபூட்டாவுக்கு உட்பட்டது என்றால் அந்த வரம்புக்குக் காத்திருக்க முடியாது, ஒரே ஆள் இருந்தாலும் கணக்கு வந்துவிடும். வந்ததும் பத்து நாளுக்குள் பதிய வேண்டும்.

கலிஃபோர்னியாவில் பதிந்துவிட்டோமே, தங்கையையும் அதிலேயே சேர்த்துவிடலாம் என்று மட்டும் செய்யாதீர்கள். பின்னால் பிரித்தெடுப்பது பெரும் பாடு.

---

எடிசன்காரர் | 20 செப்டம்பர் 2025, மதியம் 12:25

நியூ ஜெர்சியிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி: இங்கே என்ஜே-ரெக் என்ற ஒரே பதிவில் வருமான வரிப் பிடித்தமும் வேலையிழப்பு வரியும் சேர்ந்து வந்துவிடும். வேலையிழப்பு நிதிக்கு ஊழியரும் பங்கு தருவார், அதைப் பிடிக்க மறக்க வேண்டாம். பென்சில்வேனியாவிலிருந்து ஆற்றைத் தாண்டி வந்து வேலை செய்பவர் இருந்தால், இரண்டு மாநிலத்துக்கும் உடன்பாடு உண்டு. வருமான வரியை அவர் குடியிருக்கும் மாநிலத்துக்கே பிடிக்கலாம், அதற்கு அவரிடம் ஒரு படிவம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

---

மாவுக்கடைக்காரர் | 20 செப்டம்பர் 2025, இரவு 9:45

எல்லோருக்கும் நன்றி. காவிரிமகள் எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். பாதியில் அவள் எழுந்துபோய் லேப்டாப்பை எடுத்து வந்துவிட்டாள். இன்றே இரண்டு பேருமாக உட்கார்ந்து விண்ணப்பித்தோம்.

மூன்று சந்தேகம். நாங்கள் இருவரும் எல்எல்சி மெம்பர்கள், எங்களையும் ஊழியராகக் காட்ட வேண்டுமா? பதினாறு வயது மகன் சனிக்கிழமை லேபிள் ஒட்டித் தருகிறான், அவனுக்குச் சம்பளம் கொடுத்தால்? எண் வந்த பிறகு வேறு என்ன?

---

வைகைக்கரை | 20 செப்டம்பர் 2025, இரவு 11:10

எல்எல்சியை எஸ்-கார்ப் என்ற தனி வரி வகையிலோ சாதாரணக் கார்ப்பரேஷனாகவோ வரி கட்டத் தேர்ந்தெடுக்காதவரை நீங்கள் இருவரும் ஊழியர் இல்லை. லாபத்தை எடுத்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். எஸ்-கார்ப் ஆக்கினால் அன்றே நீங்களும் சம்பளக்காரர். முதலில் மாற்றிவிட்டு ஈடிடியை மறந்தவர்கள் உண்டு.

தாய் தகப்பன் நடத்தும் தொழிலில் 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு யூஐ, பயிற்சி வரி, எஸ்டிஐ விலக்கு உண்டு. தொழில் கார்ப்பரேஷன் என்றால் அந்த விலக்கு இல்லை. எல்எல்சிக்கு, அது எப்படி வரி கட்டுகிறது என்பதைப் பொறுத்தது. சிபிஏவைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பள்ளியிலிருந்து வேலை அனுமதிச் சீட்டும் தனியாகக் கேளுங்கள்.

எண் வந்த பிறகு: இருவரையும் புதிய ஊழியர் என்று டிஇ 34இல் அறிவிக்க வேண்டும், வேலை தொடங்கி 20 நாளுக்குள். உங்களுக்கு அக்டோபர் 12. டபிள்யூ-4 (மத்திய வரிப் பிடித்தம்), ஐ-9 (வேலை செய்யும் அனுமதிச் சரிபார்ப்பு), டிஇ 4 மூன்றையும் நிரப்பி வாங்கி வையுங்கள். காலாண்டு முடிந்த அடுத்த மாதக் கடைசிக்குள் டிஇ 9, டிஇ 9சி. எல்லாம் ஆன்லைனில்தான், 2018 முதல் காகிதம் கிடையாது. ஒரு காலாண்டில் யாருக்கும் சம்பளம் கொடுக்காவிட்டாலும் பூஜ்யம் என்று போட்டுத் தாக்கல் செய்ய வேண்டும், இதை விட்டவர்கள்தான் அதிகம். பிடித்த பிஐடி 350 டாலரைத் தொட்டால் காலாண்டு முடியும்வரை வைத்திருக்க முடியாது, முன்னதாகவே செலுத்த வேண்டியிருக்கும். மென்பொருளில் அதைச் சரியாக அமையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், திங்கள் காலை அவர்கள் கிரைண்டரைத் தொடுவதற்குள், வேலையில் அடிபட்டால் ஈடு தரும் வொர்க்கர்ஸ் காம்ப் காப்பீடு வேண்டும். இது ஈடிடி இல்லை, வேறு சட்டம். ஒரே ஆள் என்றாலும் கட்டாயம். காப்பீட்டுக் கம்பெனிகள் தயங்கினால் மாநிலக் காப்பீட்டு நிதியான ஸ்டேட் ஃபண்டில் கேளுங்கள். ஈடிடி பதிவுக்காவது 15 நாள் தவணை இருக்கிறது, இதற்கு ஒரு நாள்கூட இல்லை.

---

மாவுக்கடைக்காரர் | 4 அக்டோபர் 2025, காலை 8:20

எண் விண்ணப்பித்த அன்றே வந்துவிட்டது. காப்பீடு எடுக்கத்தான் தாமதமானது. அதனால் இருவரையும் திங்களுக்குப் பதில் புதன்கிழமை வரச் சொன்னோம். தங்கையின் டிடபிள்யூசி கணக்கும் திறந்தாயிற்று. டிஇ 34 போட்டுவிட்டேன்.

நேற்று முதல் செக். மாவு அரைக்கும் அக்கா சம்பளச் சீட்டைப் பிரித்து, 'சிஏ எஸ்டிஐ' என்ற வரியில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். இதற்கு முன் இரண்டு இடத்தில் வேலை பார்த்திருக்கிறாராம், அங்கெல்லாம் இப்படி ஒரு சீட்டே கொடுத்ததில்லை என்றார். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

---

வைகைக்கரை | 4 அக்டோபர் 2025, காலை 9:05

நல்லது. டிசம்பரில் டிஇ 2088 என்று ஒரு தாள் தபாலில் வரும், அடுத்த வருடத்து யூஐ விகிதம் அதில் இருக்கும். பிரித்துப் பார்த்து மென்பொருளில் அந்த எண்ணை மாற்றுங்கள். தவறு என்று தோன்றினால் 60 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். முதல் டிஇ 9 ஜனவரிக் கடைசியில். அதற்கு முந்தின வாரம் இங்கேயே வந்து கேளுங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்.